எங்கள் மிஷினுக்கு நாங்கள் கொடுத்த வாடகை

1

துபாய், சிங்கப்பூர், டொராண்டோ என்று முகவரி போட்டு எழுதுகிறவர்களுக்கு நடுவில் ஸ்ரீராம்புரத்திலிருந்து எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. குடியாத்தத்தில் காலையில் ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டில் இருக்கலாம். வெளியூர் போன குடியாத்தத்துக்காரர்கள் எழுதும் இந்த ஊர்மலரை நடத்துகிறவள் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். "பெங்களூரையெல்லாமாடி இதுல போடுவ?" என்று கேட்டேன். "பால் வாங்க வேற பாஷை பேசணும்னா அது ஃபாரின்தான். எழுதி அனுப்புடி கலா" என்று சொல்லிவிட்டாள்.

என் வேலையைச் சொன்னால் உங்களுக்கு இன்னும் குழப்பமாகும். உடம்பு பெங்களூரில், வேலை அமெரிக்காவில். அங்கே ஆஸ்பத்திரியில் படுத்தவர்களின் பில்கள் இங்கே எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வருகின்றன. எந்த பில்லுக்கு இன்சூரன்ஸ் பணம் தரும், எதற்குத் தராது என்று பார்த்துச் சொல்வது எங்கள் பாடு. அதிலும் என் மேஜைக்கு வருவது மருத்துவக் கருவிகளின் பில் மட்டும். சக்கர நாற்காலி, வாக்கர், இடுப்புப் பட்டை, மூச்சு மிஷின், இப்படி.

இதற்கு ஒரு விதி உண்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒருவர் உள்நோயாளியாக ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நாட்களில் அவருக்கு வேண்டிய கருவியெல்லாம் ஆஸ்பத்திரியின் பொறுப்பு. கட்டிலுக்கு வாங்கும் காசிலேயே அது அடக்கம். கருவியைக் கொண்டுவந்து கொடுத்த கம்பெனிக்காரன் தனியாக பில் அனுப்பினால், ஆஸ்பத்திரியிடம் போய்க் கேள் என்று திருப்பி அனுப்ப வேண்டும். நோயாளியின் தலையில் கட்டக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோகக் கொடுத்த கருவி என்றாலும், வீட்டுக்குப் போகிற நாளிலிருந்துதான் அது நோயாளியுடையது. அதற்கு முந்தின நாளெல்லாம் ஆஸ்பத்திரி பாடு.

இந்த விதியை வைத்துக்கொண்டு முகம் தெரியாத எத்தனையோ பேர் தலையிலிருந்து பில்லை இறக்கியிருக்கிறேன். ஒஹையோவில் யாரோ ஒரு தாத்தா உன் புண்ணியத்தில் நிம்மதியாகத் தூங்குகிறார் என்று சேகர் கிண்டல் செய்வார். சேகர் என் வீட்டுக்காரர். போன வருஷம் ஆயுத பூஜை முடிந்த கையோடு இறந்துபோனார். திதி இன்னும் வரவில்லை. எனக்கு ஆயுத பூஜைதான் கணக்கு.

நேற்று ஆபீசில் பூஜை போட்டார்கள். டீம் லீடர் ஒவ்வொரு மேஜையாக வந்து மானிட்டரின் நெற்றியில் சந்தனம், குங்குமம் வைத்து, ஒரு சாமந்திப்பூவை டேப் போட்டு ஒட்டினார். என் திரையில் அப்போது ஒரு மூச்சு மிஷின் பில் திறந்திருந்தது. உள்நோயாளி, தர முடியாது என்று தட்டி அனுப்பிவிட்டு, கொடுத்த பொரியைச் சாப்பிட்டேன். ஒன்றும் தோன்றவில்லை. இந்த ஒரு வருஷமாகவே எனக்கு அப்படித்தான் இருக்கிறது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு வாய் இருக்குமே, அந்த மாதிரி. தொட்டால் தெரிகிறது, வலிக்க மாட்டேன் என்கிறது.

இன்றைக்கு ஆயுத பூஜை லீவு, வீட்டில் இருந்தேன். ஒரு போன் வந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

கல்யாணமாகி இங்கே வந்தபோது எனக்குக் கன்னடத்தில் ஒரு வார்த்தை தெரியாது. ஸ்ரீராம்புரம் சந்துக்குள் அது தேவைப்படவும் இல்லை. அங்கே குழாயடிச் சண்டைகூடத் தமிழில்தான் நடக்கும். சந்தை விட்டு வெளியே வந்தால் பாஷை மாறிவிடும். ரேஷன் கார்டு, கேஸ், பள்ளிக்கூட அட்மிஷன் என்று ஒவ்வொரு கவுண்டரிலும் நின்று நின்று கற்றுக்கொண்டேன். அதனால் என் கன்னடம் கவுண்டர் கன்னடம். கெஞ்சத் தெரியும், நன்றி சொல்லத் தெரியும், நாளைக்கு வரட்டுமா என்று கேட்கத் தெரியும். சண்டை போடத் தெரியாது.

அது போதாதென்று ஊருக்கு வந்தால் என் வாய் என்னைக் காட்டிக் கொடுத்துவிடும். கன்னடத்தில் வேண்டாம் என்பதற்குப் பேடா என்பார்கள். ஒருமுறை இன்னொரு தோசை வைக்க வந்த அண்ணியிடம் "பேடா, பேடா" என்று கையால் தடுத்தேன். "தோசைக்குச் சட்னி போதாதாடி, பேடா வேற கேக்குதா?" என்றாள் அண்ணி. அன்றிலிருந்து குடியாத்தத்தில் எனக்குப் பேர் பேடா கலா.

எங்கள் மகள் வினிதா இங்கேயே பிறந்தவள். என்னோடு தமிழ், தோழிகளோடு கன்னடம், போனோடு இங்கிலீஷ். கல்லூரி விண்ணப்பத்தில் தாய்மொழி என்ற இடத்தில் கன்னடம் என்று போட்டிருந்தாள். "இன்னாடி இது?" என்று கத்தினேன். "மம்மி, அதான் ஈஸி. எதுவும் கேக்க மாட்டாங்க" என்றாள். சேகர் சிரித்தார். எனக்கு இரண்டு நாள் கோபம் ஆறவில்லை. கோபம் வந்த அந்தக் காலத்தை இப்போது யாரோ சொன்ன கதை மாதிரி நினைத்துப் பார்க்கிறேன்.

3

சேகரின் அப்பா கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை செய்தவர். சுரங்கத்தை மூடியதும் குடும்பத்தோடு ஸ்ரீராம்புரத்துக்கு வந்தார். சேகருக்கு பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரியில் கிரைண்டிங் மிஷின் ஓட்டும் வேலை கிடைத்தது. கடைசிவரை அதே ஃபேக்டரி, அதே ஷெட்.

அங்கே ஆயுத பூஜைக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலாளி தேங்காய் உடைப்பார், சூப்பர்வைசர் கற்பூரம் காட்டுவார். பொட்டு மட்டும் அந்த மிஷினை ஓட்டுகிற ஆபரேட்டர்தான் வைக்க வேண்டும். முதலாளியே ஆனாலும் ஆபரேட்டரைத் தாண்டி மிஷின்மேல் கை வைக்க மாட்டார். அதுவும் முன்பக்கம் வைக்கக் கூடாது. குங்குமம் பட்டன் இடுக்கில் இறங்கி மறுநாள் மிஷின் மக்கர் பண்ணும். அடியில், கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து வைப்பார்கள்.

வீட்டிலும் அவர் இதே சட்டம் போட்டார். பைக்குக்கு அவர், லேப்டாப்புக்கு வினிதா, மிக்ஸிக்கு நான். "மிக்ஸி ஆபரேட்டர் வாங்கம்மா, டூட்டிக்கு நேரமாச்சு" என்று சந்தனக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவார். மிக்ஸியைக் கவிழ்த்துப் பொட்டு வைக்கும் ஒரே வீடு எங்கள் வீடாகத்தான் இருக்கும்.

அவருக்கு இருமல் நிற்காமல் போனபோது டாக்டரிடம் காட்டினோம். வருஷக்கணக்கில் உள்ளே போன தூள் நுரையீரலை இறுக்கிவிட்டது என்றார் டாக்டர். அப்பா சுரங்கத்துக்குள் வாங்கிய இருமலை, சுரங்கமே இல்லாத ஊருக்கு வந்து பிள்ளை வாங்கிக்கொண்டார். படுத்தால் மூச்சு போதவில்லை. அதற்கு ஒரு மிஷின் வாங்கச் சொன்னார்கள். பைபேப் என்று பெயர். ரேடியோப் பெட்டி அளவுதான் இருக்கும். அதிலிருந்து ஒரு நீளக் குழாய், குழாயின் முனையில் மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க். அது உள்ளே காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். என் நகையில் பாதியைக் கொடுத்து அதை வாங்கினோம்.

படுத்ததும் மிஷின் உஸ்ஸென்று ஆரம்பிக்கும், கொஞ்சம் அடங்கும், மறுபடி உஸ்ஸென்று எழும்பும். முதல் வாரம் அந்தச் சத்தத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்புறம் அது இல்லாமல் தூக்கம் வரவில்லை. "ஒனக்குந்தான் வாங்கினேன் போல" என்பார் மாஸ்க்கைத் தூக்கிவிட்டு.

4

போன வருஷம் பூஜைக்கு முந்தின வாரம் அவருக்குக் காய்ச்சல் கண்டு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அதன் பெயர் இங்கே வேண்டாம். வார்டில் சிஸ்டர், "எங்க மிஷின் எல்லாம் பேஷண்ட்ஸ் மேல இருக்கு. வீட்ல வெச்சிருக்கீங்கல்ல, அத கொண்டுவந்துடுங்க" என்றார். வினிதா ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள்.

எனக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. நம் ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போனால் பாய், தலையணை, பிளாஸ்க், தட்டு எல்லாம் நாமேதான் எடுத்துப் போவோம். என் அப்பாவைக் குடியாத்தம் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது வீட்டிலிருந்து டேபிள் ஃபேனையே தூக்கிக்கொண்டு போனோம். பக்கத்துக் கட்டில்காரருக்கும் காற்று வரட்டும் என்று அப்பா அதைத் திருப்பி வைக்கச் சொன்னார். அந்த ஃபேனுக்கு யாரும் வாடகை கேட்கவில்லை.

வெளியிலிருந்து வரும் கருவியை வாசலில் செக்யூரிட்டியிடம் பதிந்துவிட்டு எடுத்துவர வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. வினிதா எமர்ஜென்சி வாசல் வழியாக ஓடிவந்தாள். அங்கே அவளை யாரும் நிறுத்தவும் இல்லை.

ஆயுத பூஜை அன்று அவர் கொஞ்சம் தெளிவாக இருந்தார். பகலில் மூக்குக்கு ஆக்ஸிஜன் குழாய் மட்டும் போதும் என்றார்கள். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "இன்னா மே, சந்தனம் கொண்டாந்தியா?" கொண்டுபோயிருந்தேன். கேட்பார் என்று தெரியும். அந்த மிஷினுக்கு அதுதான் முதல் ஆயுத பூஜை.

நான் விரலில் தொட்டு மிஷின் பக்கம் போனேன். "ஏய், நீ எதுக்கு வெக்கற? இதுக்கு நான்தான் ஆபரேட்டரு" என்றார். அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, மிஷினைக் கவிழ்த்து மடியில் வைத்தேன். நாலு வார்த்தை பேசிய மூச்சு வாங்கலில் கை நடுங்கியது. பொட்டு கோணலாக இழுத்துக்கொண்டு போய்விட்டது. "இன்னாங்க, வால் மொளச்சிடுச்சு" என்றேன். "பரவால்ல, கீழதான இருக்குது. யாரு பாக்கப் போறாங்க" என்றார்.

அப்புறம் சிஸ்டர் ஒரு தள்ளுவண்டியோடு வந்தார். வார்டு மிஷின்களுக்கெல்லாம் பூஜை போடுகிறார்களாம். இவர் இப்போது மாஸ்க் போடவில்லையே, மிஷினைக் கொஞ்சம் கொடுங்கள் என்றார். எங்களுக்குச் சந்தோஷம்தான். சந்தோஷமாகக் கொடுத்தோம். வார்டு நடுவில் ஒரு மேஜையில் எல்லா மிஷினையும் வரிசையாக வைத்துத் துடைத்து, பூச் சுற்றி, எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போட்டார்கள். கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவிலிருந்து ஓர் ஆள் வந்திருந்தார். வருஷத்தில் எல்லாக் கருவியும் ஒரே இடத்தில் கூடுவது அன்றைக்குத்தான் என்பதால், பூஜையோடு எண்ணிக்கையும் முடித்துவிடுவார்களாம். எங்கள் மிஷின் முன்பக்கம் ஒரு குங்குமத்தோடும், பக்கவாட்டில் நம்பர் போட்ட மஞ்சள் ஸ்டிக்கரோடும் திரும்பி வந்தது.

"பாத்தியா, நம்ம மிஷினுக்கு ஐடி கார்டு குடுத்து வேலைக்கு எடுத்துட்டாங்க" என்று சேகர் சிரித்தார். ஸ்டிக்கரையும் பூஜையில் சேர்த்தி என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். பூஜைக்குக் கொடுத்த பொருளுக்கு யாராவது ரசீது வாங்குவார்களா?

அடுத்த நாளே மூச்சு மறுபடி மோசமானது. ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பெரிய வெண்டிலேட்டர் இருந்ததால் எங்கள் மிஷின் வார்டிலேயே தங்கிவிட்டது. ஒரு நாள் காலையில் டாக்டர் வெளியே வந்து விஷயத்தைச் சொன்னார். நான் "சரிங்க சார்" என்றேன்.  வினிதா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

5

பில் கட்டினால்தான் உடம்பைத் தருவார்கள். இன்சூரன்ஸ் ஒப்புக்கொண்டது போக மிச்சம் இவ்வளவு என்று கவுண்டரில் ஒரு கன்னடக்காரர் பில்லை நீட்டினார். இத்தனை வருஷப் பழக்கம், கண் தானாக வரிவரியாக இறங்கியது. வார்டில் இருந்த நாட்களுக்கெல்லாம் பைபேப் மிஷின் வாடகை என்று ஒரு வரி இருந்தது. மிஷின் அறை வாடகையிலேயே அடக்கம், தனியாகத் தர முடியாது என்று இன்சூரன்ஸ்காரர்கள் அதைத் தள்ளிவிட்டிருந்தார்கள். அடக்கம் இல்லை, நோயாளிதான் தர வேண்டும் என்றது ஆஸ்பத்திரி. நான் தினமும் பார்க்கும் சண்டைதான் அது. என்ன, இதுவரை நான் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றதில்லை.

"சார், அது எங்க மிஷின்" என்றேன்.

"இல்ல மேடம். ஸ்டிக்கர் நம்பர் சிஸ்டம்ல இதே. ஹாஸ்பிடல் மிஷினு" என்றார் அவர். அவருக்குத் தமிழ் அவ்வளவுதான் வந்தது.

அந்த விதி என் தொண்டை வரை வந்தது. உள்நோயாளி, உங்கள் பொறுப்பு, என் தலையில் கட்டாதீர்கள். ஆனால் அது வேறு தேசத்து விதி. சொல்லியிருந்தாலும், என்னிடம் இருந்தது கெஞ்சுகிற கன்னடம். "தயவிட்டு நோடி சார்", தயவுசெய்து பாருங்கள், என்பதற்கு மேல் அது போகவில்லை.

வினிதா என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள். அவள் பேசிய கன்னடத்தில் பாதி எனக்குப் புரியவில்லை. குரல் புரிந்தது. போனில் இருந்த எங்கள் மிஷின் பில்லின் போட்டோவைக் கண்ணாடியில் வைத்துத் தட்டித் தட்டிக் காட்டினாள். அதில் கம்பெனி போட்ட நம்பர் இருந்தது. கவுண்டர்காரர் யார் யாருக்கோ போன் செய்தார். கடைசியில் இறங்கிவந்தார். மிஷின் அதே வார்டில் இருக்கிறது, எடுத்துவந்து காட்டுங்கள், கம்பெனி நம்பர் ஒத்துப்போனால் வாடகையை எடுத்துவிடுகிறேன், மிஷினையும் கொண்டுபோங்கள் என்றார். காட்ட முடியாவிட்டால் அது ஆஸ்பத்திரி மிஷின், வாடகையைக் கட்டியாக வேண்டும்.

சேகரின் தம்பி முருகன் வந்திருந்தார். "அண்ணி, நான் கட்டிட்றேன், விடுங்க. அண்ணன வெளிய எடுக்கணும்" என்றார்.

"பணத்துக்கில்ல தம்பி. எனக்கு மிஷின் வேணும்" என்றேன்.

அதைச் சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று எனக்கே தெரிந்தது. அவர் கைப்பட்ட பொருள் வீட்டில் எவ்வளவோ உண்டு. ஆனால் அந்த மிஷினின் அடியில் அவர் விரல் இருந்தது. அவர் கடைசியாகச் செய்த வேலை அது. அதை இங்கே விட்டுவிட்டுப் போக எனக்கு மனசில்லை.

6

அவர் படுத்திருந்த அதே கட்டிலில் வேறு ஒருவர் இருந்தார். அவருக்கும் சேகர் வயதுதான் இருக்கும். முகத்தில் மாஸ்க். தலைமாட்டில் மஞ்சள் ஸ்டிக்கரோடு எங்கள் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி நின்றிருந்தார். கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை. எங்களை ஆஸ்பத்திரி ஆட்கள் என்று நினைத்துக்கொண்டு நகர்ந்து வழிவிட்டார்.

நான் மிஷினின் ஒரு பக்கத்தை மெல்லத் தூக்கி, குனிந்து பார்த்தேன். முன்பக்கத்துக் குங்குமத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருந்தார்கள். அடிப்பக்கத்தை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. வால் முளைத்த பொட்டு அப்படியே இருந்தது.

"எடு மம்மி. இது டாடியோடது" என்றாள் வினிதா.

சிஸ்டர் ஓடிவந்தார். முகம் அடையாளம் தெரிந்ததும் அவருக்குச் சங்கடமாகிவிட்டது. வேறு மிஷின் ஒன்றுகூடக் காலியில்லை, சாயங்காலம்தான் கிடைக்கும், இவருக்குக் கொஞ்ச நேரம் கழற்றினாலும் தாங்காது என்றார். அப்புறம் மெதுவாக, "உங்களோடதுன்னா நான் ஒண்ணும் சொல்ல முடியாது" என்று கையைப் பிசைந்தார்.

மாஸ்க்குக்கு மேலே அந்த மனிதரின் கண்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. மிஷின் உஸ்ஸென்றது, அவர் நெஞ்சு ஏறியது. அடங்கியது, இறங்கியது. மறுபடி உஸ்ஸென்றது. எனக்கு அந்தத் தாளம் மனப்பாடம். கண்ணை மூடியிருந்தால் என் வீட்டில் படுத்திருக்கிறேன் என்று நினைத்திருப்பேன். ஓடுகிற மிஷினிலிருந்து ஆபரேட்டரை யாரும் இழுக்க மாட்டார்கள். இப்போது அதற்கு இவர்தான் ஆபரேட்டர்.

"எந்த ஊரும்மா நீங்க?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"கே.ஜி.எஃப்.க்கா. மாரிகுப்பம். என் பேரு ஸ்டெல்லா."

"இந்த மிஷினுக்கு வாடகை போட்றாங்களா?"

"ஆமாக்கா, தெனத்துக்கும் போட்றாங்க."

"குடுக்காதீங்க. இது ஆஸ்பத்திரி மிஷின் இல்ல. எங்களுது."

அவர் சட்டென்று கணவரின் காலைப் பிடித்துக்கொண்டார். "எடுத்துக்கினு போயிடுவீங்களாக்கா?"

"இல்ல. இருக்கட்டும். வூட்டுக்குப் போறப்ப நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க. போற நாள்லேருந்து இது உங்களுது." என் வாய் பேசிக்கொண்டே போனது. பாதி நானும் பாதி என் ஆபீசும் பேசியது போல இருந்தது.

"உங்க வூட்டுக்காரரு எங்கக்கா இருக்காரு?"

"கீழ இருக்காரு" என்றேன். பிணவறை கீழ்த்தளத்தில்தான் இருந்தது.

வினிதா என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனை எடுத்தாள். அப்புறம் ஸ்டெல்லாவிடம் போன் நம்பர் கேட்டு, எங்கள் மிஷின் பில்லின் போட்டோவை அனுப்பினாள். கூடவே என் நம்பரையும் கொடுத்தாள்.

கவுண்டருக்குத் திரும்பினோம். மிஷின் எங்கே என்று அவர் கேட்டார். "அது உங்களோடதுதான் சார், நான் தப்பா சொல்லிட்டேன்" என்று கன்னடத்தில் சொன்னேன். தப்பை ஒத்துக்கொள்கிற கன்னடம் எனக்கு நன்றாக வரும். எங்கள் மிஷினுக்கு நாங்களே வாடகை கட்டிவிட்டு சேகரை வெளியே எடுத்தோம்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் வினிதா கேட்டாள். "ஏன் மம்மி எடுக்கல?" அவளுக்குக் கோபம் இருந்தது. கொடுத்துவைத்தவள், அவளுக்கு அது வருகிறது. "அவரு மூச்சு விட்டுட்டு இருந்தாருடி" என்றேன். 

7

ஸ்டெல்லா பிறகு ஒருமுறை கூப்பிட்டிருந்தார். அவர்கள் வீட்டுக்குக் கிளம்பும் நாளில் கவுண்டரில் எங்கள் பில்லைக் காட்டிச் சத்தம் போட்டிருக்கிறார். கே.ஜி.எஃப். தொண்டை என்றால் சும்மாவா. வாடகையையும் எடுத்துவிட்டு, ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு, மிஷினைக் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். நல்லது என்று சொல்லி வைத்துவிட்டேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அது நடந்ததாக நினைவில்லை.

வினிதாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. ஆபீஸ் தூரம் என்று இதே பெங்களூரின் இன்னொரு மூலையில் தோழிகளோடு தங்கியிருக்கிறாள். போன் செய்தால் "ஹேளி", சொல்லுங்கள், என்று கன்னடத்தில் எடுக்கிறாள். நான் என்று தெரிந்ததும் தமிழுக்கு வருகிறாள். வருவதற்குள் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. பூஜைக்கு வருகிறேன் என்றாள். இன்று காலையில், முடியவில்லை மம்மி என்று செய்தி வந்தது. அங்கேயே இரு, பரவாயில்லை என்று பதில் போட்டேன். உண்மையிலேயே பரவாயில்லை என்றுதான் இருந்தது.

அதனால் இன்று வீட்டில் லேப்டாப் இல்லை. பைக்கை முருகன் கொண்டுபோய்விட்டார். மிச்சம் மிக்ஸிதான். பழக்கத்தில் சந்தனத்தைக் குழைத்து வைத்துவிட்டேனே தவிர, ஆபரேட்டரைக் கூப்பிட ஆள் இல்லை. கிண்ணத்தில் அது காய ஆரம்பித்தபோது போன் அடித்தது.

"அக்கா, நான் ஸ்டெல்லா. கே.ஜி.எஃப். மிஷினு."

"சொல்லும்மா. எப்படி இருக்காரு?"

"இருக்காருக்கா. படுத்தா அத போட்டுக்கினுதான் தூக்கம். பகல்ல எழுந்து வாசல் வரைக்கும் வராரு." கொஞ்சம் தயங்கினார். "அக்கா, நாங்க வேதக்காரங்க. எங்க வூட்ல பொட்டு கிட்டெல்லாம் கெடையாது. ஆனா அது உங்க வூட்டு மிஷினாச்சே. தெருவே பூஜ போடுது. அத மட்டும் சும்மா வுட மனசு ஒப்பலக்கா. எதுத்த வூட்ல சந்தனம் வாங்கியாந்துட்டேன். எங்க வெக்கணும், யாரு வெக்கணும்னு தெர்லக்கா."

"ஓட்றவங்கதான் வெக்கணும்" என்றேன். "உங்க வூட்டுக்காரர வெக்கச் சொல்லுங்க. முன்னாடி வேணாம், பட்டன்ல எறங்கிடும். கவுத்து, அடியில."

ஸ்டெல்லா போனைக் கட் பண்ணாமல் கீழே வைத்தது கேட்டது. "ஏங்க, நீங்கதான் வெக்கணுமாம்" என்று அவர் கணவரிடம் சொன்னார். அந்த மனிதரின் மூச்சு கேட்டது. மாஸ்க் இல்லாத, இழுத்து இழுத்து வாங்குகிற மூச்சு. எனக்குத் தெரிந்த மூச்சுதான் அதுவும். மிஷினைத் திருப்பும் சத்தம். 

"அக்கா, இங்க ஏற்கெனவே ஒண்ணு இருக்குதுக்கா. காஞ்சிபோயி, கோணலா. தொடச்சிட்டு வெக்கட்டுமா?"

அந்தப் பல் ஊசியின் மரமரப்பு அங்கேதான் விட்டது. ஒரு வருஷமாக வராத வலி மொத்தமும் ஒரே இடத்தில் வந்து நின்றது. நான் சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகிறேன் என்பது முகத்தைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது. ஸ்டெல்லா "அக்கா? அக்கா?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"தொடைக்காதீங்க" என்றேன். "பக்கத்துல வெக்கச் சொல்லுங்க."